காப்பெல்லிலிருந்து ஒரு விசாரிப்பு

இங்கே நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், அமெரிக்கா வருவதற்கு முன் நாங்கள் புரூணையில் இருந்தோம் என்று தெரிந்ததும் ஒரே கேள்விதான் வரும். "அங்கெல்லாம் கையை வெட்டுவாங்களாமே, பயமா இல்லையா?" கேட்பவர் கையில் பேப்பர் தட்டு, தட்டில் பிசிபேளாபாத், முகத்தில் ஒரு ஆர்வம். நான் சிரித்து வைப்பேன். ஆறு வருடம் அந்த ராஜா நாட்டில் இருந்தேன். அங்கே நான் பயந்திருக்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவர் தமிழ் பேசினார். என் வீட்டு ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. போன நவராத்திரியின்போது நான் செய்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

புரூணையை முதலில் சொல்ல வேண்டும். சத்தமே இல்லாத நாடு அது. சாலையில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். மதியம் மழை பெய்யும், சாயங்காலம் காடு பச்சையாக வீட்டுக் கொல்லை வரை வந்து நிற்கும். ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் வாசலில் அஞ்சு கார். பெட்ரோல் தண்ணீர் மாதிரி. வருமான வரி என்ற பேச்சே கிடையாது. எந்தக் கடைக்குள் போனாலும் கல்லாவுக்கு மேலே ராஜாவும் ராணியும் படத்தில் இருப்பார்கள். முடிவெட்டும் கடையிலும் இருப்பார்கள், மீன் கடையிலும் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்தால் தொழுகைக்காக எல்லாக் கடையும் மூடிவிடும், இரண்டு மணிக்குத்தான் திறக்கும். போன புதிதில் இது தெரியாமல் மகளோடு ஒரு ஓட்டல் வாசலில் பசியோடு நின்றேன். உள்ளே நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பையன் வெளியே வந்து, அவனுக்கென்று வைத்திருந்த வாழைப்பழ பஜ்ஜியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான். அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை, நடுவில் சனிக்கிழமை வேலை. இந்தக் கிழமைக் கணக்கு மண்டையில் ஏற எனக்கு ஒரு வருடம் ஆனது.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பம் அந்த நாட்டில் இருந்ததே என் வேலையை வைத்துத்தான். என் கணவர் என்னைச் சார்ந்தவர் என்ற விசாவில் வந்து, வீட்டிலிருந்தபடி திருநெல்வேலிக் கம்பெனி ஒன்றுக்கு கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கு எத்தனை வருடம் இருந்தாலும் நிரந்தரம் கிடையாது. ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்கள், மறுபடி முடியும். புதுப்பிக்கவில்லை என்றால் வீட்டைக் காலி செய்து, காரை விற்று, நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். டீச்சர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்காவைப் பார்த்தது அரண்மனை வாசலில். ஹரி ராயா என்கிற ரம்ஜான் பண்டிகை முடிந்ததும் சில நாட்கள் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். சாப்பாடு போடுவார்கள். பிறகு ஆண்கள் ஒரு வரிசையில் போய் ராஜாவிடம் கை குலுக்கலாம், பெண்கள் இன்னொரு வரிசையில் போய் ராணியிடம். பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் அன்பளிப்பு, எல்லோருக்கும் ஒரு கேக் டப்பா. ஒரு நாட்டின் ராஜா ஊரிலுள்ள மேஸ்திரிக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் நின்று கை கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் பட்டுப்புடவையில் நின்றவர் திரும்பிப் பார்த்து, "மொத தடவையா? கையப் புடிச்சு அழுத்தாதம்மா. தொட்டு எடுத்து நெஞ்சுல வெச்சுக்கோ. அவ்ளோதான்," என்றார். சென்னைக்காரர். என் பள்ளியிலேயே சேரப்போகிற இன்னொரு டீச்சர் என்று பேசப் பேசத் தெரிந்தது. அவருடைய கணவருக்கு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. ஒரே மகன் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அக்காதான். விரலை நீட்டி எதையும் காட்டாதே, கட்டைவிரலால் காட்டு. நோன்பு மாதத்தில் பகலில் காரில் தண்ணீர்கூட வெளியே தெரியக் குடிக்காதே. பக்கத்து வீட்டில் பலகாரம் அனுப்பினால் பாத்திரத்தைக் கழுவி அன்றைக்கே திருப்பிக் கொடு. நம் சாமியை நம் வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் கும்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முஸ்லிம் பிள்ளைகளை அதில் இழுக்கக்கூடாது, அது அங்கே சட்டக் குற்றம். இதைச் சொல்லும்போது அக்கா குரலைத் தாழ்த்துவார். "அவங்க நாடு, அவங்க ரூல். நாம ஒழுங்கா இருந்தா தங்கமான ஜனங்க." அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

நவராத்திரிக்கு வரவேற்பறையில் மூன்று படி கட்டி, ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த பொம்மைகளை வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு கொலு வைப்போம். நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வரும். அந்த வருடம் ஒரு சாயங்காலம் அக்கா சீக்கிரமே வந்துவிட்டார். நான் அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்ச் சிறுமி, என் மகளின் வகுப்புத் தோழி, எப்போதும் போல செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. அந்தப் பிள்ளை பொம்மைகளைப் பார்த்தது. என் மகள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் கொலுவுக்கு வந்த பெண்ணை வெறும் நெற்றியோடு அனுப்பக்கூடாது. இதை மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்திருந்தேன். தாம்பாளத்தோடு நான் வெளியே வந்தபோது அந்தச் சின்ன நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. தாம்பாளத்தை அப்படியே தரையில் வைத்தேன். அக்கா சோபாவில் உட்கார்ந்தபடி, "ஐயையோ, தொடைச்சு விடுடி சீக்கிரம்," என்று சிரித்தார். அந்தப் பிள்ளை அதற்குள் வீட்டுக்கு ஓடிவிட்டது. பின்னாலேயே ஓடினேன். அவள் அம்மா தோட்டத்துக் குழாயடியில் நின்று மகளின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஈரக்கையை உதறிவிட்டு, "பிள்ளைகள்தானே," என்றார். மறுநாள் ஒரு டப்பாவில் வாழைப்பழ அப்பம் வந்தது. டப்பாவைக் கழுவி அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பள்ளியின் தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார். கதவை அவரே எழுந்து சாத்தினார். ஒரு முஸ்லிம் குழந்தையை என் வீட்டுப் பூஜையில் உட்கார வைத்ததாகப் பேச்சு வந்திருக்கிறது என்றார். புகாராக மேலே போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஆனால் என் ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்க முடியாது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருடம் கணக்குக்கு இரண்டு வெளிநாட்டு டீச்சர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. நானும் அக்காவும்தான் அந்த இரண்டு பேர். அப்போதுகூட நான் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கணக்கு டீச்சர் நான்.

சேர்த்துக் காட்டியது பக்கத்து வீட்டம்மா. நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் வந்து, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை என்றார். கொலுவுக்கு வந்த மறுநாள் அக்கா இவர் வீட்டுக்குப் போய், இதை எப்படிச் சும்மா விட்டீர்கள், பள்ளியில் சொல்ல வேண்டாமா என்று கேட்டாராம். இவர் மறுத்துவிட்டாராம். "அதனால் அவரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்," என்றார். அழுதார். நான் அழவில்லை. 

மறுநாள் ஏர்போர்ட்டுக்கு அக்கா வழியனுப்ப வந்தார், புளிசாதப் பொட்டலத்தோடு. பக்கத்தில் மகள் நின்றாள். அடுத்த வேலைக்கு வேண்டிய என் அனுபவச் சான்றிதழ் இன்னும் பள்ளியிலிருந்து வர வேண்டியிருந்தது, அக்கா அங்கேதான் இருக்கப்போகிறார். வாயைத் திறந்தால் அதையும் கெடுப்பார் என்று பயந்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனதும் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது தோன்றும்.

கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வாடகை வீடு, பிறகு இவருக்கு நியூ ஜெர்சியில் வேலை. இங்கே பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிப் போய் வருகிறார். நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எங்களுக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. வந்த இடம் இன்னும் பெரிய இடம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் என் மகளைப் பார்த்ததில்லை.

விமானத்தில் அவள் கேட்டாள், "நான் பொட்டு வெச்சதாலதானேம்மா?" இல்லை என்றேன். பெரியவளானதும் அக்கா செய்ததைச் சொன்னேன். நான் ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள். இங்கே நவராத்திரி என்றால் வாட்ஸ்அப்பில் அழைப்பு குவியும்; ஒரே சாயங்காலத்தில் நாலு வீடு, நாலு சுண்டல். கார் ஓட்டப் பழகியதிலிருந்து அவள்தான் என்னை டிரைவ் பண்ணிக் கூட்டிப்போவாள். ஆனால் காரை விட்டு இறங்க மாட்டாள். ஒரு முறை பார்சிப்பனியில் ஒரு வீட்டு வாசலில் வைத்து வற்புறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, ஒன்பது வயதில் தன் குடும்பத்தை ஒரு நாட்டை விட்டே துரத்த வைத்தவள் தான், இனி யார் நெற்றியையும் தொடமாட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவளுக்கு இப்போது பதினேழு. அந்தப் பாரத்தை அவளிடமிருந்து என்னால் இறக்க முடியாது. இறக்கக் கூடியவர் ஒருவர்தான், அவர் சென்னையில் ஓய்வாக உட்கார்ந்து எனக்கு தீபாவளி வாழ்த்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன நவராத்திரி தொடங்கியதும் டெக்சாஸ் எண்ணிலிருந்து ஒரு போன். காப்பெல்லிலிருந்து பேசுவதாக ஒரு அம்மா. கோயம்புத்தூர்ப் பேச்சு. யாரோ ஒரு தோழி மூலம் என் எண் கிடைத்ததாகச் சொல்லி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பையன் பக்கத்திலேயே டாலஸில் வேலை. அவன் அப்பா அம்மா நாங்கள் இருந்தபோது புரூணையில் இருந்தார்களாம். "உங்களுக்கு நல்லாத் தெரியுமாமா. குடும்பம் எப்படிங்க?"

நம் ஆட்கள் அமெரிக்காவில் பெண்ணுக்கும் பையனுக்கும் கம்ப்யூட்டரில் தேடி வரன் பார்த்தாலும், கடைசியில் இப்படி ஒரு போன் போடாமல் முடிவு செய்ய மாட்டார்கள். இந்த விசாரிப்பில் யாரும் யாரையும் திட்ட மாட்டோம். "ரொம்ப நல்ல மனுஷங்க" என்று உடனே சொன்னால் சரி. ஒரு மூச்சு தாமதித்து, "தெரியும், ஆனா அவ்வளவா பழக்கமில்ல" என்றால் அங்கேயே முடிந்தது. கேட்பவருக்கும் அது புரியும், சொல்பவருக்கும் தெரியும். ஒரு வாய்ச்சொல்லில் என் குடும்பத்தைத் தூக்கிய பெண்ணின் மகன் கல்யாணம் இப்போது என் வாயில். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சந்தோஷத்தில்தான்.

"பையன் நல்ல பையன். லீவுக்கு வந்தப்ப என் லேப்டாப்பை ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கான்," என்றேன். "அவன் அம்மாவைப் பத்தி நான் சொல்லல. அவங்களையே ஒண்ணு கேளுங்க. நான் ஏன் புரூணைய விட்டு வந்தேன்னு கேளுங்க. என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு எனக்கு கூப்பிடுங்க."

 "சரிங்க," என்றார் அந்தம்மா. புத்திசாலி. எதுவும் தோண்டவில்லை.

இரண்டே நாளில் அக்காவின் வீடியோ கால் வந்தது. படத்தை அணைத்துவிட்டு எடுத்தேன். காலை நேரம், மகள் எதிரே சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, எப்படி இருக்க? ஏன் இப்படிப் பண்ற? எத்தனை வருஷப் பழக்கம் நம்மளது," என்று ஆரம்பித்தார் அக்கா. மருமகளாக வரப்போகிறவள் தங்கமான பெண் என்றார், தனக்கு சுகர் என்றார், பையனுக்கு வயது ஏறுகிறது என்றார்.

"நீங்க அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"ஏதோ விசா பிராப்ளம்னேன். வேற என்ன சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. என் பொண்ணு இங்க உக்காந்திருக்கா. அவகிட்ட சொல்லுங்க. ஸ்கூல்ல போய்ச் சொன்னது யாரு?"

 அக்கா வேறு குரலில் பேசினார். தன் கணவர் வேலை ஆட்டம் கண்டிருந்தது, பையனுக்குக் கடைசி வருட ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, யாராவது ஒருத்திதான் இருக்க முடியும் என்றார்கள். "நான்தான் சொன்னேன் கண்ணு. ஆன்ட்டிதான் சொன்னேன். உம்மேல தப்பில்ல. போதுமா?"

அந்தக் கடைசிச் சொல் எனக்குச் சொன்னது. எனக்குப் போதும் என்றுதான் தோன்றியது. இதற்காகத்தானே இத்தனை வருடம். போனை அணைக்கக் கை நீட்டினேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தமிழில் பேசினாள், சின்ன வயதில் அவரிடம் பேசுகிற மாதிரியே.

"ஆன்ட்டி, அன்னிக்கு குங்குமச் சிமிழை எங்கிட்ட எடுத்துக் குடுத்ததே நீங்கதானே? வந்த பொண்ணுக்கு வெச்சு விடுன்னு சொன்னீங்கல்ல? நான் அம்மாவைக் கேட்டுட்டு வைக்கறேன்னேன். பரவால்ல, வைன்னீங்க."

எனக்கு அது தெரியாது. நான் அடுப்படியில் கடுகு வெடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் இதை யாரிடமும் சொன்னதில்லை. பெரியவர்கள் சொன்னாலும் தான் செய்திருக்கக் கூடாது என்றே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு கண்ணு..." என்றார் அக்கா. இல்லை என்று சொல்லவில்லை.

போனை அணைத்தது நான். மகள் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள், பையை எடுத்தாள், பள்ளிக்குப் போனாள். நான் மேசையைத் துடைத்தேன். சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர், சிமிழையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார், பிறகு சிரித்துக்கொண்டே தொடைச்சு விடு என்றிருக்கிறார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அது விளையாட்டாகக் கொடுத்த சிமிழாக இருக்கலாம், வேண்டுமென்றே கொடுத்ததாகவும் இருக்கலாம். எனக்கு இனி அந்த வித்தியாசம் தேவையில்லை.

சாயங்காலம் காப்பெல் அம்மா கூப்பிட்டார். விசா பிரச்சினை என்றுதான் பதில் கிடைத்ததாகச் சொன்னார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன், பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைப் படி விடாமல் போட்டுக் காட்டுவது போல. அரண்மனை வரிசை, கொலு, சிமிழ், பக்கத்து வீட்டம்மா, ஏர்போர்ட், இன்று காலை. குரலை உயர்த்தவில்லை. ஒரு இடத்திலும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல அதில் எதுவும் தேவைப்படவில்லை.

"ரொம்ப தேங்க்ஸுங்க," என்றார் அவர். "எங்களுக்கும் ஒரே பொண்ணுங்க." வைத்துவிட்டார்.

சோபாவில் இருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பையன் என்ன பண்ணினான், பாவம்?"

"என் பொண்ணு என்ன பண்ணினா?" என்றேன்.

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பையனைப் பற்றி நானும் நினைக்காமல் இல்லை. நினைக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. அக்கா என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிவிட்டார். தீபாவளிக்கு வாழ்த்துப் படம் வரவில்லை. அதைப் போன்ற நிம்மதியான தீபாவளி எனக்கு வாய்த்ததில்லை.

காப்பெல் அம்மாவிடம் பேசிய அன்றைக்கு மூன்று வீட்டுக் கொலுவுக்குப் போக வேண்டியிருந்தது. நான் புடவை மாற்றிக்கொண்டு கீழே இறங்கியபோது மகள் படிக்கட்டின் கடைசிப் படியில் கார் சாவியோடு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாள் என்று தெரியவில்லை. 

"சிமிழ் விஷயத்தையும் சொன்னியா அவங்ககிட்ட?"

"சொன்னேன்."

"குட்," என்றாள். எழுந்து போய்க் காரை ஸ்டார்ட் பண்ணினாள்.